வண்ணம் பூசிய சிறுநீரகம்

சிறுநீரகத்தில் 4 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி என்றால் முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடும் வழக்கம் இப்போது பெரும்பாலும் இல்லை. கட்டியைச் சுற்றி மெல்லிய வரப்பாக நல்ல திசுவைச் சேர்த்து வெட்டியெடுத்து, மிச்சத்தைத் தைத்துக் காப்பாற்றுகிறார்கள். பகுதி நீக்கம் எனப்படும் இந்த அறுவையில் கத்தி படும் இடம் சாதாரண இடமில்லை. இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்குள்ளும் பாய்கிறது. ஆகவே தமனியைக் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டு, கடிகாரத்தில் ஒரு கண்ணை வைத்தபடி வெட்டித் தைக்க வேண்டும். கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எந்தக் கிளைத் தமனி அதற்கு ரத்தம் தருகிறது, சிறுநீர் சேரும் கிண்ணங்கள் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன என்பதெல்லாம் வெட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை.

தெரிந்துகொள்ளச் சி.டி. ஸ்கேன் இருக்கிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஸ்கேனிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்துகொள்ளும் பழக்கம் பரவிவருகிறது. திரையில் சுழற்றிப் பார்க்கும் மாதிரி, பிசினில் அச்சிட்டுக் கையில் கொடுக்கும் மாதிரி, தலையில் மாட்டிக்கொள்ளும் கருவிக்குள் தெரியும் மாதிரி, ரோபோ அறுவையின்போது உண்மைச் சிறுநீரகத்தின் படத்தின் மேலேயே படரவிடும் மாதிரி என்று பல வகை. பொதுவாகத் தமனி சிவப்பு, சிரை நீலம், சிறுநீர்ப் பாதை மஞ்சள். கட்டிக்கு மட்டும் அவரவர் விருப்பம், பச்சைதான் அதிகம். மருத்துவ மாநாடுகளிலும் மருத்துவமனை விளம்பரங்களிலும் இதைப் பற்றிக் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: அறுப்பதற்கு முன்பே மருத்துவர் அந்த நோயாளியின் சிறுநீரகத்தை உள்ளபடி பார்த்துவிடுகிறார், ஆகவே அறுவை துல்லியமாகிறது, ஆகவே நோயாளிக்கு நன்மை, ஆகவே எல்லோருக்கும் இது வேண்டும். நான்கு படி கொண்ட இந்த ஏணியில் முதல் படியே ஆடுகிறது. மேலே ஏற ஏற ஆட்டம் கூடுகிறது.

முதல் படி, ‘உள்ளபடி’ என்ற சொல். மாதிரி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் அந்தச் சொல் நிற்காது. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு குறுக்குவெட்டு. டெக்னீஷியன் மகாதமனியின் மேல் மவுஸை வைத்து, இந்த அடர்த்திக்கு மேல் இருப்பதெல்லாம் தமனி என்று ஓர் எண்ணைத் தட்டுகிறார். சிவப்பு பரவுகிறது, சிறுநீரகத் தமனிக்குள் நுழைந்து இரண்டாய், நான்காய்ப் பிரிகிறது, நாளங்கள் நுழையும் வாயிலைத் தாண்டியதும் மெலிந்து நின்றுவிடுகிறது. எண்ணைச் சற்றுக் குறைத்தால் கிளைகள் நீள்கின்றன, ஆனால் பக்கத்தில் பளிச்சென்று இருக்கும் புறணித் திசுவும் சேர்ந்து சிவந்துவிடுகிறது. எண்ணைக் கூட்டினால் புறணி விலகுகிறது, கிளையும் அறுந்து துண்டாக மிதக்கிறது. அறுந்த இடத்தை அவர் கையால் வரைந்து இணைக்கிறார், அல்லது அழித்துவிடுகிறார். கடைசியாக மேற்பரப்பை வழவழப்பாக்கும் பொத்தான். படிக்கட்டு போலிருந்த விளிம்புகள் மறைகின்றன. ஸ்கேன் எங்கே முடிந்தது, கைவேலை எங்கே தொடங்கியது என்ற தடமும் அவற்றோடு மறைகிறது.

கோளாறு அங்கேதான். ஸ்கேன் படத்தில் மங்கலான இடம் மங்கலாகவே தெரியும். பார்ப்பவர் அங்கே நின்று யோசிப்பார், கதிரியக்க மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்பார். மாதிரியில் மங்கல் கிடையாது. ஐயமற அறியப்பட்ட முதன்மைத் தமனிக்கும், யாரோ ஒருவர் மாலை ஆறு மணிக்கு ஊகித்து ஒட்டிய மூன்றாம் கிளைக்கும் ஒரே சிவப்பு, ஒரே பளபளப்பு. விடுபட்ட கிளையோ அடியோடு தெரியாது. நான்கில் ஒருவருக்காவது சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனி உண்டு. 5 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்த ஸ்கேனில், 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூடுதல் தமனி ஒன்று இரண்டு வெட்டுகளுக்கிடையே கரைந்துபோனால் மாதிரியிலும் அது இராது. இல்லாததைச் சுழற்றிப் பார்ப்பதால் அது வந்துவிடாது.

கணினியே வரைந்துவிட்டால் இந்தக் கைவேலைத் தகராறு தீரும் என்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் இப்படி வரையும் நிரல்களுக்கென முன்னின்று நடத்திய 2019ஆம் ஆண்டுப் போட்டியில் 300 நோயாளிகளின் ஸ்கேன்கள் பயன்பட்டன. உலகெங்கிலுமிருந்து குழுக்கள் கலந்துகொண்டன. முதலிடம் பெற்ற நிரல், சிறுநீரகத்தை வரைவதில் 1க்கு 0.97 என்ற பொருத்தத்தை எட்டியது. கட்டியை வரைவதில் 0.85. அறுவை மருத்துவருக்கு வேண்டியது எதுவோ அதில்தான் இயந்திரம் பின்தங்கியது. கிளைத் தமனிகளோ அந்தப் போட்டியின் பாடத்திட்டத்திலேயே இல்லை.

இன்னொரு ஒட்டுவேலையும் நடக்கிறது; வெளியே யாரும் அதைப் பேசுவதில்லை. தமனிகள் நன்றாகத் தெரிவது கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய 25 முதல் 40 விநாடிக்குள். சிறுநீர்ப் பாதை தெரிய மருந்து வடிந்து அங்கே வந்து சேர வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். இரண்டும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு மூச்சடக்கலில் எடுத்த படங்கள். மூச்சுக்கு ஏற்பச் சிறுநீரகம் சென்டிமீட்டர் கணக்கில் ஏறி இறங்கும் உறுப்பு. நோயாளி இரண்டாம் முறை அதே அளவுக்கு மூச்சை இழுத்துப் பிடித்தார் என்பதற்கு உத்தரவாதம் ஏது? மென்பொருள் இரண்டையும் பொருத்தித்தான் மாதிரியைத் தருகிறது. பொருத்தத்தில் 3 மில்லிமீட்டர் பிசகினால் பெரிதில்லை என்று தோன்றும். கட்டிக்கும் சிறுநீர்க் கிண்ணத்துக்கும் இடையே 4 மில்லிமீட்டரா 7 மில்லிமீட்டரா என்பதை வைத்தே அறுவையின் கடினம் மதிப்பிடப்படுகிறது என்பதை நினைத்தால் அப்படித் தோன்றாது.

ரத்தப் பங்கீட்டு வரைபடம் இதைவிடத் துணிச்சலானது. சில மாதிரிகள் சிறுநீரகத்தைப் பல வண்ணக் கண்டங்களாகப் பிரித்து, இந்தக் கிளையை அடைத்தால் இந்தக் கண்டம் மட்டும் வெளுக்கும் என்று காட்டுகின்றன. அடிப்படை சரியானது: சிறுநீரகத்தின் கண்டத் தமனிகள் ஒன்றோடொன்று இணைவதில்லை, ஒவ்வொன்றும் தன் பகுதியோடு முடிந்துவிடும். 1954இல் கிரேவ்ஸ் ஐந்து கண்டங்களை வரையறுத்த நாளிலிருந்து தெரிந்த செய்தி இது. ஆனால் மாதிரியிலுள்ள எல்லைக்கோடு ரத்தம் ஓடியதைப் பார்த்துப் போட்டதன்று. திசுவின் ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கிளைக்கு மிக அருகில் இருக்கிறதோ அந்தக் கிளையின் கணக்கில் எழுதப்படுகிறது. வொரொனாய் முறை எனப்படும் இந்த வடிவியல், ஊரில் வீட்டுக்குப் பக்கத்துக் கிணறு எதுவோ அதில்தான் அந்த வீட்டார் தண்ணீர் எடுப்பார்கள் என்று எழுதிவைப்பது போல. பெரும்பாலும் சரியாக இருக்கும். சரிதானா என்று தியேட்டரில் சோதிக்க வழி உண்டு: கிளையை அடைத்துவிட்டு இண்டோசயனின் பச்சைச் சாயத்தைச் சிரையில் ஏற்றி, அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில் பார்த்தால் ரத்தம் போகும் இடம் ஒளிரும், போகாத இடம் இருண்டு கிடக்கும். சாயம் சொல்வது நடந்ததை, மாதிரி சொல்வது நடக்கலாம் என்பதை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது தகாது.

இரண்டாம் படி, துல்லியம். மாதிரி பிழையே இல்லாமல் அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அது யாருடைய சிறுநீரகம்? மல்லாந்து படுத்து, மூச்சை அடக்கி, உடல் மூடியிருந்த நேரத்துச் சிறுநீரகம். அறுவை மேசையில் அதே நோயாளி ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். வயிற்றுக்குள் கரியமில வாயு 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. குடல் ஒதுக்கப்பட்டு, கொழுப்பு உரிக்கப்பட்டு, கட்டி கேமராவை நோக்கி வரும்படி சிறுநீரகம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. தமனியை அடைத்ததும் அதன் விறைப்பு போய்த் துவள்கிறது. முதல் வெட்டு விழுந்ததும் வடிவமே மாறுகிறது. அசையாத மாதிரியை அசையும் உறுப்பின் மேல் படரவிடும் நுட்பம் இந்தக் கட்டத்தில்தான் வழுக்குகிறது. பல இடங்களில் ஓர் உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்து மாதிரியைக் கையாலேயே நகர்த்தி நகர்த்திப் பொருத்திக்கொண்டிருக்கிறார். எங்கே வெட்டுவது என்ற கோட்டை முடிவு செய்வது அப்போதும் சிறுநீரகத்தின் மேலேயே வைத்துப் பார்க்கும் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவிதான். அதைப் பார்த்துத்தான் மேற்பரப்பில் சூட்டுக்கோலால் வட்டம் போடுகிறார்கள்.

அறுவையைத் திணறடிக்கும் விஷயங்களில் சில மாதிரியில் வருவதே இல்லை. சிலருக்குச் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு, தோல் உரியாத பலாச்சுளை போல உறையோடு ஒட்டிக்கிடக்கும். அதைப் பிரிக்கவே ஒரு மணி நேரம் போகும். பிரிக்கும்போது சிறுநீரகத்தின் உறை கிழிந்து ரத்தம் கசியும். மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 2014இல் இதற்கென்று ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள்: பின்பக்கக் கொழுப்பின் தடிமன், அதில் தெரியும் கோடுகள், இரண்டையும் சாதாரண ஸ்கேனிலேயே பார்த்து எண்ணிவிடலாம். மாதிரி செய்பவர் முதலில் அழிப்பது எதை? அந்தக் கொழுப்பைத்தான். அதை எடுத்தால்தானே சிறுநீரகம் அழகாகத் தெரியும்!

இனி நன்மை என்ற மூன்றாம் படி. ஆதரவாளர்கள் கையில் ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் அது அநியாயம். அமெரிக்காவில் ஆறு போதனா மருத்துவமனைகளில், ஒன்பது அறுவை மருத்துவர்களிடம், 92 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஸ்கேன் மட்டும். மறு பிரிவுக்கு ஸ்கேனோடு மெய்நிகர் மாதிரியும். அறுவை நேரம், ரத்த இழப்பு, கிளாம்ப் நேரம், மருத்துவமனையில் தங்கிய நாள் ஆகியவை மாதிரிப் பிரிவில் குறைந்ததாக முடிவு வெளியானது. இத்தாலியில் தூரின் நகரை ஒட்டிய மருத்துவமனைக் குழு ஒன்று 2018இல், சிக்கலான கட்டிகளில் முதன்மைத் தமனியை முழுதாக அடைக்காமல் கிளையை மட்டும் அடைத்து அறுக்க மாதிரி உதவியதாகக் காட்டியது. இரண்டும் முறையாகச் செய்யப்பட்ட வேலைகள்.

ஆனால் முதல் ஆய்வில் மாதிரியைப் பார்த்தவர் யார் என்பது அறுவை செய்தவருக்குத் தெரியும். தெரியாமல் செய்யவும் முடியாது. கிளாம்பை எப்போது எடுப்பது, நோயாளியை எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்பவை அவரவர் தீர்மானங்கள். மாத்திரை ஆய்வில் சர்க்கரை மாத்திரை கொடுத்துச் சரிபார்ப்பது போல இங்கே சரிபார்க்க வழியில்லை. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. ஒரு பிரிவினர் நோயாளியின் உடலமைப்பை ஒருமுறை பார்த்தார்கள். மறு பிரிவினர் இன்னொரு வடிவில் இரண்டாம் முறையும் பார்த்தார்கள். வேலை செய்தது மாதிரியா, அந்த இரண்டாம் பார்வையா? கதிரியக்க மருத்துவரோடு இருபது நிமிடம் உட்கார்ந்து, மெல்லிய வெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தித் தமனிகளைத் தொடர்ந்த பிரிவு ஒன்றோடு மாதிரியை ஒப்பிட்டால் அல்லவா அது தெரியும்?

தூரின் குழுவின் வெற்றிக்கு வேறொரு சிக்கல். கிளையை மட்டும் அடைப்பதால் மிஞ்சும் சிறுநீரகம் நன்றாக இயங்கும் என்பதுதான் அதன் பயன். 2010இல் ஒற்றைச் சிறுநீரகம் உள்ள 362 பேரை வைத்துச் செய்த ஆய்வு, கிளாம்ப் போட்ட ஒவ்வொரு நிமிடமும் சேதம் என்றது. அந்த வாசகம் அறுவை அரங்குகளில் மந்திரமாகவே ஆகிவிட்டது. ஆனால் அறுவைக்குப் பின் எவ்வளவு திசு மிஞ்சியது, முன்பு அது எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தது என்பதையும் கணக்கில் சேர்த்த அடுத்தடுத்த ஆய்வுகளில் நிமிடங்களின் எடை குறைந்துவிட்டது. 25 நிமிடத்தைத் தாண்டும் நீண்ட அடைப்பு கெடுதல் என்பது மட்டும் எஞ்சியது. பிறகு இத்தாலியிலேயே நடந்த குலுக்கல் ஆய்வில், இரு சிறுநீரகமும் நன்றாக உள்ளவர்களுக்குக் கிளாம்ப் போட்டு அறுத்தாலும் போடாமலே அறுத்தாலும் பிற்காலச் சிறுநீரக இயக்கத்தில் வேறுபாடு காணவில்லை. முழு அடைப்பைத் தவிர்ப்பதே மாதிரியின் தலையாய சாதனை என்றால், பெரும்பாலான நோயாளிகளுக்கு அது எதைத் தவிர்த்தது?

2022இல் இந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த தொகுப்பாய்வும் இதே கதையைத்தான் சொல்கிறது. மாதிரியோடு செய்த அறுவைகளில் முழு அடைப்பு குறைவு, சிறுநீர்ப் பாதை திறந்துகொள்வது குறைவு, ரத்த இழப்பு குறைவு. ஆனால் வெட்டின் விளிம்பில் புற்று மிஞ்சியதா, அறுவைக்குப் பின் சிக்கல்கள் வந்தனவா, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் எவ்வளவு சரிந்தது என்ற மூன்றிலும் வேறுபாடு நிறுவப்படவில்லை. நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் அவரோடு கூடவே வருபவை இந்த மூன்றும்தான்.

மாதிரியைப் பார்த்தால் கட்டியின் கடினம் குறைந்து தெரிகிறது என்பதையும் ஒரு வெற்றியாகச் சொல்கிறார்கள். கட்டியின் அளவு, எவ்வளவு வெளியே துருத்துகிறது, சிறுநீர்ப் பாதைக்கு எவ்வளவு அருகில், மேலா கீழா நடுவிலா என்பவற்றுக்கு மதிப்பெண் போட்டு, 4 முதல் 12 வரை கூட்டும் ‘ரீனல்’ முறை 2009இல் பிலடெல்பியாவில் வந்தது. அதே ஆண்டில் இத்தாலியின் பதுவாவிலிருந்து இன்னொரு முறை வந்தது. மாதிரியை வைத்து மதிப்பெண் போட்டபோது ஏறத்தாழப் பாதிக் கட்டிகள் எளிய வகுப்புக்கு இறங்கின. இதில் மகிழ என்ன இருக்கிறது? 10 மதிப்பெண் என்றால் இன்னின்ன சிக்கல் வரலாம் என்ற அனுபவக் கணக்கு, தட்டையான ஸ்கேனில் போட்ட 10க்கு உரியது. அளவுகோலை மாற்றிக்கொண்டு, பழைய அளவுகோலின் அட்டவணையைப் பார்த்துக் கட்டி எளிதாகிவிட்டது என்பது, அங்குலத்தில் அளந்த உயரத்தைச் சென்டிமீட்டர் அட்டவணையில் தேடுவதாகும். முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க இருந்தவர் மாதிரியைப் பார்த்துத் துணிந்து பகுதி நீக்கம் செய்கிறார் என்பது உண்மையே. சில நோயாளிகளுக்கு அது வரம். சிலருக்கு அந்தத் துணிவு வழவழப்பாக்கும் பொத்தானிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

இது புத்தம் புதிய நுட்பம் என்பதும் சரியில்லை. 1990களின் இறுதியிலேயே கிளீவ்லாந்து கிளினிக்கில் ஸ்கேனிலிருந்து முப்பரிமாணப் படம் உருவாக்கி, அதைக் காணொளியாகத் தியேட்டரில் ஓடவிட்டுப் பகுதி நீக்கம் செய்தார்கள். ஸ்கேன் கருவியோடு வரும் பணிமேசை மென்பொருளிலேயே இன்றும் அந்த வசதி இருக்கிறது. அது சாம்பல் அடர்த்தியை அப்படியே ஒளியாக்கிக் காட்டுவது, எல்லை வரைவதில்லை, மங்கலை மங்கலாகவே விட்டுவைக்கிறது. கூடுதல் செலவும் இல்லை. விலைக்கு விற்க முடியாதது என்பதாலோ என்னவோ, மாநாடுகளில் அதற்கு மேடை கிடைப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு மாதிரிக்கு ஓர் இடம் மிஞ்சுகிறது. ஆனால் அது விளம்பரம் காட்டும் இடத்தைவிடச் சிறியது. வெளியே துருத்திக்கொண்டிருக்கும் 2 சென்டிமீட்டர் கட்டிக்கு மாதிரி தேவையில்லை. கேமரா உள்ளே போனதும் அதுவே கண்ணுக்குத் தெரியும். முழுக்கத் திசுவுக்குள் புதைந்த கட்டி, நாளங்கள் நுழையும் வாயிலில் உட்கார்ந்த கட்டி, குதிரைலாட வடிவில் ஒட்டிப் பிறந்த சிறுநீரகங்கள், ஒரே பக்கத்தில் பல கட்டிகள் ஆகியவற்றில் மாதிரி உழைத்துச் சம்பாதிக்கிறது. பயிற்சி மருத்துவருக்குத் தட்டைப் படத்திலிருந்து மனத்துக்குள் உருவம் கட்டிக்கொள்ளும் பழக்கம் இன்னும் வந்திராது. அவருக்கு இது ஊன்றுகோல். பிசின் மாதிரியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்கும் நோயாளிக்கு, தன்னுள் என்ன இருக்கிறது, மருத்துவர்கள் எதை எடுக்கப் போகிறார்கள் என்பது ஒரு மணி நேரப் பேச்சில் விளங்காத அளவுக்கு விளங்குகிறது. இந்தப் பயனுக்கு மில்லிமீட்டர் துல்லியமும் தேவையில்லை.

அப்படிச் செய்யும் மாதிரிகளும் தம் பிறப்பை மறைக்காமல் வர வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் வெட்டிலிருந்து செய்தது, எந்தெந்தக் கட்டத்துப் படங்கள் ஒட்டப்பட்டன, எத்தனை மில்லிமீட்டருக்குக் கீழான நாளங்கள் விடப்பட்டன, வரைந்தவர் யார், கதிரியக்க மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டாரா என்பன கோப்பிலேயே இருக்க வேண்டும். ஊகித்து வரைந்த கிளையைப் புள்ளிக்கோடாகக் காட்ட மென்பொருளுக்கு ஒரு சிரமமும் கிடையாது.

எல்லோருக்கும் வேண்டும் என்ற கடைசிப் படி, மாதிரி மிகவும் தேவைப்படும் நோயாளியிடமே உடைகிறது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு, அதுவும் பாதி இயக்கத்தோடு இருப்பவருக்குத்தான் ஒவ்வொரு கிராம் திசுவும் முக்கியம். கிளையை மட்டும் அடைப்பதால் பயன் இருக்குமானால் அது அவருக்குத்தான். ஆனால் நல்ல மாதிரிக்கு நிறையக் கான்ட்ராஸ்ட் மருந்து வேண்டும், பல கட்டப் படங்கள் வேண்டும். வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கிவிட்டவருக்கு அந்த மருந்தைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். அவருக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அதில் மெல்லிய கிளைத் தமனிகள் சி.டி. அளவுக்குத் தெளியா. இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருந்து, ஓரமாகச் சிறு கட்டி உள்ளவருக்கோ மிக அழகான மாதிரி கிடைக்கும்.